அவர் எழுதிக் கொடுத்த குறிக்கோள்

அறிவியல் டீச்சர் ஒரு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். பின்னே, நோட்ஸ் எழுதிப் போட்டே பாடம் நடத்தும் இன்னொரு அறிவியல் ஆசிரியர், ‘நோட்ஸ் சார்’, செய்தது சின்ன வேலையா? போன ஆண்டு எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு அவளிடம் இருந்தது. பிள்ளைகள் கல்லைத் தண்ணீரில் போட்டு, மட்டம் ஏறுவதைப் பார்த்து, கன அளவைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். அரையாண்டுத் தாள் தயாரித்த நோட்ஸ் சார் கேட்டதோ, ‘கன அளவு: வரையறு.’ பாதி வகுப்பு மண்ணைக் கவ்வியது. “விளையாட்டுக் காட்டியே பிள்ளைங்கள கெடுத்துட்டாங்க” என்று ஆசிரியர் கூட்டத்தில் அவர் சிரித்த சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் அவர் கைக்குப் போயின. இவளை ஆறாம் வகுப்புக்குத் தள்ளினார்கள்.

இந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு அரையாண்டுத் தாள் தயாரிக்கும் முறை அவளுக்கு வந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் நடத்துகிறவர் அந்தப் பாடத்தின் குறிக்கோளை எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும். அதை ஒட்டித்தான் கேள்வி கேட்க வேண்டும். யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. நோட்ஸ் சாரும் இவளுடைய பழைய குறிக்கோளையே ஈயடிச்சான் காப்பி அடித்துக் கொடுத்திருந்தார்: ‘மாணவர் ஒரு கல்லின் கன அளவைத் தாமே அளந்து காண்பர்.’ வகுப்பில் நடந்ததென்னவோ வெறும் நோட்ஸ்தான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

ஒரே ஒரு சிக்கல். இந்த ஆண்டு ‘அ’ பிரிவில் அவள் மகளும் படித்தாள். வீட்டில் ஒரு டம்ளரும் கூழாங்கல்லும் போதும், கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் மகள் தோழிகளிடம் சொல்வாள், சார் காதுக்குப் போகும். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து வரையறையை உருப்போட்டபோதும் இவள் வாயைத் திறக்கவில்லை.

தேர்வன்று மேசைக்கு மேசை ஒரு கல், ஓர் அளவு ஜாடி, தண்ணீர். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ஒருவன் கல்லை முகர்ந்து பார்த்தான். பலர் வரையறையை அழகாக எழுதி வைத்தார்கள். மகள் கல்லைக் கையில் பிடித்தபடி அழுதாள்.

“இதெல்லாம் ஒரு கேள்வியா மேடம்?” என்று தலைமை ஆசிரியையிடம் குதித்தார் சார்.

“உங்க குறிக்கோள்தான் சார். நான் ஒரு எழுத்துகூட மாத்தல” என்றாள் இவள்.

தலைமை ஆசிரியை குறிக்கோளையும் கேள்வித்தாளையும் அருகருகே வைத்துப் படித்தார். சார் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை இவள் ஆசை தீரப் பார்த்தாள். ‘அ’ பிரிவு அவளிடமே திரும்பி வந்தது. சாருக்கு ‘ஆ’ பிரிவு மட்டும் மிஞ்சியது.

அன்று மாலை மகள் பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

“உனக்கு முன்னாடியே தெரியும்லமா?”

“கேள்விய வெளிய சொல்லக் கூடாதும்மா. அது தப்பு.”

“கேள்விய விடு. எங்களுக்கு அளக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?”

இவள் பையை இறக்கிவிடக் கை நீட்டினாள்; மகள் விலகிக்கொண்டாள்.

“நான் ‘ஆ’ பிரிவுக்கு மாத்திக் கேட்டுட்டேன். மேடம் சரின்னுட்டாங்க.”

“அவர்கிட்டயா போற? உன்ன இந்தக் கதிக்கு ஆளாக்கினதே அவர்தானே?”

“நாங்க ஃபெயிலாவோம்னு அவருக்குத் தெரியாதும்மா” என்றாள் மகள்.