நான்கு இடத்தில் கையெழுத்து

அன்று அந்த அறையில் இருந்தவர்களை உட்கார்ந்த வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன். சன்னல் பக்கம் மிஸ் ஹோல்கம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவருக்கு இடப்பக்கம் துணைத் தலைமையாசிரியர். அவரை அடுத்து, பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து எழுதுகிற ஓர் அம்மாள். பெயர் சொன்னார், என் காதில் நிற்கவில்லை. மேசை நடுவில் ஒரு தொலைபேசி. இரு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்ல, எங்கள் ஸ்பானிய மொழி பேசும் ஒரு பெண் குரல் அதற்குள் இருந்தது. எந்த ஊரிலிருந்து பேசினாளோ. கதவுப் பக்கம் டெல்மிரா, மடியில் ஒரு தகர டப்பாவுடன். அவள் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக நான், எவேலியோ. டெல்மிராவின் மகள் யோசெலின், எட்டு வயது, வெளியே பெஞ்சில். பேச்சு முழுக்க அவளைப் பற்றித்தான்.

நாற்காலிகள் சிறுபிள்ளைகளுடையவை. முழங்கால் நெஞ்சில் முட்டியது.

டெல்மிரா கோழி அறுக்கும் ஆலையில் வேலை செய்கிறாள். நானும் பதினோரு வருடம் அங்கே நின்றவன். இடுப்பு விட்டுப்போனபின் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் நாட்டில், ஹோண்டுராஸில், மலையடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். இடம், தேதி, பொருள், வணக்கம் என்று கடிதம் எழுதும் முறையை அங்கே அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் குடியிருப்பில் யாருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும் டெல்மிராவும் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிட்டால் பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்று அர்த்தம்.

துணைத் தலைமையாசிரியர் முதலில் கேட்டது, மூன்று வருடமாக ஒரு கூட்டத்துக்கும் ஏன் வரவில்லை என்பது. டெல்மிராவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஒதுங்கியிருப்பதுதான் அவள் பள்ளிக்குக் கொடுத்த மரியாதை. சமையலறையில் வந்து நின்று அடுப்பை எட்டிப் பார்க்கிற விருந்தாளியை யாருக்குப் பிடிக்கும்? அதையேதான் சொன்னாள். தொலைபேசி அதை எப்படிச் சொன்னதோ, மூவரும் சிரித்தமுகமாகத் தலையசைத்தார்கள்.

பிறகு மிஸ் ஹோல்கம் பேசினார். யோசெலின் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பேசினால் தலையைக் குனிந்துகொள்கிறாள். கை தூக்குவதில்லை, ஒரு கேள்வி கேட்பதில்லை. கூப்பிட்டால்தான் வாய் திறக்கிறாள், அதுவும் ஒரு சொல்.

டெல்மிராவின் முகம் மலர்ந்தது. என் முகமும்தான். தப்புச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வந்தால், பிள்ளையைப் பாராட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“நன்றி டீச்சர்,” என்றாள் டெல்மிரா.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டிலும் இப்படித்தானா என்று அந்த அம்மாள் கேட்டார்.

“வீட்டுல இன்னும் அதிகம். பெரியவங்க பேசுறப்ப மூச்சு விடுற சத்தங்கூடக் கேக்காது. நான் அப்படித்தான் வளர்த்திருக்கேன்.”

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் குடியிருப்பிலேயே இவளைப் போல அடக்கமான பிள்ளை கிடையாது, இது சின்ன வயசிலிருந்தே என்று தொலைபேசிக்குள் சொன்னேன். அந்த அம்மாள் என் வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேறு அறை, ஏழு பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் என்றது குரல். ஏழு பேருக்கு ஒருவர்! டெல்மிராவின் கண் கலங்கிவிட்டது. காகிதங்களை நீட்டினார்கள். டீச்சர் நீட்டிய காகிதத்தை அவர் முன்னாலேயே வாசித்துப் பார்ப்பது அவரைச் சந்தேகப்படுவது போல. நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆங்கிலப் பிரதியை அப்போதே கொடுத்தார்கள், ஸ்பானிய மொழிப் பிரதி பிறகு தபாலில் வருமாம்.

கடைசியில் டப்பாவை மேசைமேல் வைத்தாள். சோளமாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட வளையங்கள். வீட்டில் செய்த பண்டத்தை வாங்க விதியில் இடமில்லை என்று துணைத் தலைமையாசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“கையெழுத்து வேணும், கைப்பக்குவம் வேணாமாம்,” என்றாள் வழியில். இருவரும் தின்றுகொண்டே நடந்தோம்.

மறுநாள் பிற்பகல் டெல்மிராவின் சமையலறையில் அந்தக் காகிதங்களை என் கோப்பில் வைக்க வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அகராதியோடு ஆங்கிலம் எனக்கு வரும். வரிக்கு அரைமணி ஆகும். வீட்டு வாடகைத்தாள் முதல் மருந்துச் சீட்டு வரை யோசெலின்தான் அம்மாவுக்கு வாசித்துச் சொல்வாள். இந்தக் காகிதங்களையும் அவளிடமே கொடுத்தோம்.

நின்றபடி வாசித்தாள். ஆங்கிலத்தில் கண் ஓடியது, வாயில் எங்கள் பேச்சு வந்தது. “பேச்சிலும் புரிந்துகொள்வதிலும் மாணவி மிகவும் பின்தங்கியிருக்கிறாள். சொல்வதை அவளால் பின்பற்ற முடியவில்லை. வீட்டிலும் அப்படியே என்று தாய் உறுதி செய்தார். சிறுவயதிலிருந்தே என்று குடும்ப நண்பர்…”

அங்கே நிறுத்தினாள். டெல்மிரா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“அந்த ரூம் எனக்குத் தெரியும்மா. அங்க பெருக்கல் கிடையாது. கலர் அடிப்பாங்க. ஷூ கயிறு கட்டச் சொல்லிக்கொடுப்பாங்க.” குனிந்து தன் காலைப் பார்த்தாள். “நான் கட்டிருவேனே.”

டெல்மிரா அடுப்பை அணைத்தாள்.

“டீச்சர் முகத்தைப் பாக்கணுமா, பாக்கக் கூடாதாம்மா?”

டெல்மிரா என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். அதில் முந்தின நாள் எழுதியது என் கையெழுத்திலேயே இருந்தது: டீச்சர் சொன்ன பாராட்டு, நான்கு.

காகிதத்தின் கடைசியில், சம்மதத்தைத் தாய் எழுத்து மூலம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றிருந்தது. யோசெலின்தான் கண்டுபிடித்தாள். அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு நான் தாள் எடுத்தேன். முதலில் வழக்கம்போல, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன் என்று எழுதினேன். பிறகு ‘சம்மதமில்லை’ என்று தொடங்கினேன். டெல்மிரா என் கையைப் பிடித்துவிட்டாள்.

“டீச்சருக்கு இல்லைன்னு எழுதுறதா, எவேலியோ ஐயா? நாளைக்கு யோசெலின் அவங்க முகத்துல எப்படி முழிப்பா?”

“இல்லைன்னு எழுதாட்டி ஆமான்னு ஆயிருது, மகளே.”

“சும்மா இருந்தா?”

“அதுவும் ஆமாதான் இங்க.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். சும்மா இருந்தாலும் ஆமாம், நன்றி சொன்னாலும் ஆமாம். இந்த ஊரில் மரியாதையாக எதைத்தான் சொல்வது என்று கேட்டாள். மூன்று தாள் கிழிந்தது. நாலாவதை அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கள் மொழியிலேயே இருக்கட்டும் என்றாள். ஒரு தடவை அவர்களும் வாசித்துச் சொல்ல ஆளைத் தேடட்டும்.

‘என் கையெழுத்து நான்கையும் திரும்பப் பெறுகிறேன். என் மகள் பேசாதது என் வளர்ப்பு, அவள் குறை அல்ல. இந்தக் காகிதத்தை எனக்கு வாசித்துச் சொன்னவளே அவள்தான். தங்களிடம் அவள் எப்படி இருக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லுங்கள். மறுபடி வருகிறேன். தொலைபேசி வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும்.’

கீழே ஒரே கையெழுத்து. போடுமுன் முழுவதையும் என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிரதி ஒன்று என் கோப்புக்கு.

உறையில் அனுப்புநர் விலாசம் எழுதும் இடத்தில் தயங்கினாள். எங்கள் குடியிருப்பில் யாரும் விலாசத்தைச் சும்மா எழுதிக் கொடுப்பதில்லை. குடியேற்ற அதிகாரிகள் கையில் போனால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, கதவு எண் உட்பட அவளே எழுதினாள். நான் உறை ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினேன்.

தபால் பெட்டி தெரு மூலையில்தான். மூடியைத் திறந்து போட்டாள். விழுந்ததா என்று இன்னொரு முறை திறந்து பார்த்தாள். இருட்டுதான் தெரிந்தது.