குவீன்ஸ்டவுன் கட்டடத்தின் பின்பக்கம்

ஞாயிறு காலை ஏழரை மணிக்குப் புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, கொத்தனார் அகிலனைக் கண்டு குனிந்தது. அதன் சுவர்களை எழுப்பியவர் அவர். குடியிருந்தவர்கள் தேநீர்க் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டடம் நிமிர்ந்ததும் மீதியைக் குடித்தார்கள். அதன்பின், தொழிலாளர் விடுதியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஆள் ஏற்றிப்போகும் நடேசனின் வேன் எந்த ஞாயிறும் நேர்வழியில் போகவில்லை. யார் எதைக் கட்டினாரோ அந்தத் தெருவுக்குள் நுழைந்து வெளியேறியது. தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கோபுரம், கம்பி கட்டிய சுந்தரேசனுக்காக முதுகை வளைத்தது. ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை. சுந்தரேசன் அன்று முழுதும் மார்பை நிமிர்த்தியே நடந்தார். ஆண்டுகள் போயின. கட்டடங்கள் குனியும் நேரம் பார்த்து மக்கள் துணி காயப்போட்டார்கள்.

மாசிலாமணிக்கு மட்டும் எதுவும் குனியவில்லை. அவர் பூச்சு வேலை பார்த்தது ஒரே கட்டடத்தில், குவீன்ஸ்டவுனில். அது முடியுமுன்பே சுரங்க ரயில் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சுரங்கங்கள் குனிவதில்லை. வேன் பலமுறை குவீன்ஸ்டவுன் வாசலில் போய் நின்றது. கட்டடம் விறைப்பாக நின்றது.

"நெசமாவே நீங்கதான் பூசினீங்களாண்ணே? இல்ல, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார் அகிலன். வேனே சிரித்தது. மாசிலாமணியும் சிரித்துவைத்தார்.

மாசிலாமணி ஒரேயடியாக ஊர் திரும்பும் நாளில் நடேசன்தான் விமான நிலையத்துக்கு ஓட்டினார். விரைவுச்சாலையில் பாதி வழி வந்ததும் மாசிலாமணி வாய் திறந்தார்.

"நடேசா, கடைசியா ஒருவாட்டி."

"ஃப்ளைட்டு போயிரும்ணே."

"போனா போவட்டும்லா."

குவீன்ஸ்டவுனில் வாசல் பக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நடேசன் கார் நிறுத்துமிடம் வழியாகப் பின்பக்கம் திருப்பினார். மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலையாட்களின் கதவு அங்கேதான் இருந்தது. அவர் தினமும் நுழைந்தது, சாரம் ஏறியது, சோறு தின்றது எல்லாம் அந்தப் பக்கம். பெயர்ப்பலகை மாட்டிய முன்வாசல் அவர் போன பிறகு கட்டியது. அதற்கு அவரைத் தெரியாது.

கட்டடம் குனிந்தது. மற்றவர்களுக்குக் குனிந்ததைவிடத் தாழ்வாக, துணிக்கழிகள் தரையைத் தொடும்வரை. மாசிலாமணி இறங்கித் தலையை வாரிக்கொண்டார். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பூச்சு சமமாகவே இருந்தது. மேலே ஒரு விமானம் போனது; அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. பதினோராம் மாடியின் சமையலறை ஜன்னல் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. உள்ளே, அந்த வீட்டில் குடியிருந்த ருக்கையா, மீன்குழம்புச் சட்டியைப் பிடித்தபடி, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்வாசல்ல வந்து வந்து நின்னவரு நீங்கதானா? இந்தப் பக்கம் வர இத்தன வருஷமாண்ணே?"