மைனஸ் முப்பத்தெட்டில் ஓர் ஈரவேஷ்டி

லலிதாம்பாளின் பிடிவாதம் ஊரறிந்தது. வாத்தியார் போனிலேயே சொல்லிப் பார்த்தார். "கேசவ் கனடாவிலன்னா இருக்கான், மாமி? எள்ளும் தண்ணியும் விட்டாப் போறும். ஒரு தோஷமும் இல்லை." மாமிக்கு அது போதவில்லை. கணவர் சுந்தரராமன் போய் ஒரு வருஷம் ஆகிறது, முதல் சிராத்தம், கேசவ் ஒரே ஆண்பிள்ளை. பிண்டம் வைக்க வேண்டும், அதைக் காக்கா வந்து எடுக்க வேண்டும். இதில் இம்மி குறைந்தாலும் அந்த மனுஷர் எங்கேயோ பசியோடு நிற்பார் என்று அவள் நிஜமாகவே நம்பினாள்.

அவளுடைய பழவங்காடி ஃபிளாட்டில் அப்போது ராத்திரி எட்டேகால். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பிடித்திருந்த போனுக்குள் வின்னிபெக்கின் காலை எட்டே முக்கால். மூன்றாவது மாடியில் கேசவின் சமையலறை, அதற்கு அப்பால் கண்ணாடிக் கதவு, அதற்கும் அப்பால் பனி மூடிய பால்கனி.

"இன்னிக்கு மைனஸ் இருபத்திநாலும்மா. காத்தோட சேத்தா மைனஸ் முப்பத்தெட்டு" என்றான் கேசவ்.

"ரெண்டு கணக்கு என்னத்துக்குடா? எது நெஜம்?"

"உடம்புக்கு ரெண்டாவதுதான் நெஜம். நம்மளைச் சுத்தி ஒரு மெல்லிசு சூடு இருக்கும், போர்வை மாதிரி. காத்து அதை உருவிண்டு போயிடும். ஈரமா இருந்தா இன்னும் சீக்கிரம். இந்தக் காத்துல மூடாத கை பத்து நிமிஷத்துல உறைஞ்சுடும்."

"இங்கயும்தான் மத்தியானம் முப்பத்திரண்டு, ஆனா நாப்பது மாதிரின்னு போன்ல காட்டித்து. நாங்க என்ன வெந்தா போயிட்டோம்?"

கேசவ் சிரித்தான். அம்மாவிடம் வாதம் செய்து ஜெயித்ததாக அந்த வீட்டில் சரித்திரமே கிடையாது. தனியாகத் துவைத்து உலர்த்திய மடிவேஷ்டி இல்லை என்று தயங்கியபோதும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. நனைத்துப் பிழிந்து கட்டிக்கொள், ஈரத்துக்குத் தீட்டு இல்லை. குளித்த தலையும் ஈரவேஷ்டியுமாக அவன் தர்ப்பைப் பவித்திரத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் பால்கனிக் கதவின் ஓரத்தில் கிடந்த ரப்பர் செருப்பு அவள் கண்ணில் பட்டது.

"சிராத்தம் பண்ற எடத்துல செருப்பாடா? அந்தண்ட போடு!"

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு எழுந்து, செருப்பைக் குளியலறைக்குள் போட்டுவிட்டுக் கையலம்பிக்கொண்டு வந்தான். கதவை வெளியிலிருந்து சாத்தினால் உள்ளே கொண்டி தானாக விழுந்துவிடும், அது விழாமல் இருக்கத்தான் எப்போதும் இடையில் ஒரு செருப்பைக் கொடுத்து வைப்பார்கள் என்பது லலிதாம்பாளுக்குத் தெரியாது. பிறகு வெளியே போகும் அவசரத்தில் அவனும் அதை மறந்தான்.

எள்ளும் ஜலமும் ஆயிற்று. இலையில் பிண்டத்தை எடுத்துக்கொண்டு, போனை உள்பக்கமாகக் கண்ணாடியோடு சாய்த்து, திரை வெளியே பார்க்க வைத்தான். பக்கத்து அறையில், உடன் தங்கியிருந்த பினு தூங்கிக்கொண்டிருந்தான். கல்லாற்று மலையாளிப் பையன், ராத்திரி வேலை முடித்து அப்போதுதான் படுத்திருந்தான். அவனுக்காகப் போனின் சத்தம் குறைந்திருந்தது. குளிர் உள்ளே வந்தால் அவன் எழுந்துவிடுவானே என்று கேசவ் வெளியே போனதும் கதவைச் சாத்தினான்.

கைப்பிடிச்சுவரில் இலையை வைத்துவிட்டு, வெறுங்காலோடு பனியில் நின்று, "கா, கா" என்று கூப்பிட்டான். கண்ணாடி வழியே சத்தம் வரவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வானத்தில் ஒரு பறவை இல்லை. இரண்டு நிமிஷம் போயிருக்கும். தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்பி, உள்ளே வரட்டுமா என்று சைகையில் கேட்டான்.

லலிதாம்பாள் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். நில்லு.

அவன் நின்றான். வேஷ்டியின் நுனி காற்றில் ஆடாமல் அட்டையாக விறைத்திருந்தது. அதைப் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை. காக்கா வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி திரும்பியபோது அனுமதி கேட்கவில்லை, நேராகக் கதவைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தான். அப்புறம் கண்ணாடியில் உள்ளங்கையால் அடிக்க ஆரம்பித்தான்.

"பினு! டேய் பினு!" என்று போனுக்குள் கத்தினாள். அந்தச் சத்தம் அங்கே சமையலறையைக்கூடத் தாண்டியிருக்காது.

பினுவின் நம்பர் அவளிடம் இல்லை. அவன் அம்மா ஜெஸியின் நம்பர் இருந்தது, ஊறுகாய்ப் பொட்டலம் கொடுத்தனுப்பியபோது வாங்கியது. அவளைக் கூப்பிட வேண்டுமானால் இந்த அழைப்பைத் துண்டிக்க வேண்டும், வேறு போன் இல்லை. துண்டித்தால் பிள்ளை கண்ணிலிருந்து மறைந்துவிடுவான். லலிதாம்பாள் அழுதாள். அழுதுகொண்டே துண்டித்தாள். கடைசியாகப் பார்த்தபோது அவன் அடிப்பதை நிறுத்தி, கண்ணாடியில் நெற்றியை வைத்திருந்தான்.

கல்லாற்றில் சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்றாவது தடவைதான் ஜெஸி எடுத்தாள்.

"எந்தா சேச்சி?"

"பினுவ விளி ஜெஸி! கேசவ் வெளிய மாட்டிண்டான், கதவு பூட்டிப் போச்சு! போன் பண்ணி எழுப்பு அவனை!"

"ஈஸ்வரா! ஞான் இப்போ விளிக்காம்."

பிறகு யாரும் கூப்பிடவில்லை. வேலையிலிருந்து வந்த மகள் ஸ்நேகா செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். கேசவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்குத்தான் பினு பேசினான். கதவைத் திறந்தபோது கேசவுக்கு நடுக்கம்கூட நின்றுபோயிருந்ததாம். பேச்சு குழறியதாம். ஆம்புலன்ஸ் வரும் வழியில் இருந்தது.

"நல்லெண்ணெயைச் சுட வச்சுத் தேய்டா பினு! சுடுதண்ணியில காலை வை!"

"வேண்டா ஆன்ட்டி, தேய்ச்சா தோல் கிழியும். சுடுவெள்ளத்துல கால் பொள்ளி வெந்துபோகும், மரத்திருக்கிறதால அவனுக்குத் தெரியவே செய்யாது. ஈரத்தை மாத்திக் கம்பளி சுத்தியிருக்கேன். இனி ஆஸ்பத்திரிக்காரா பாத்துக்குவா."

உயிர் பிழைத்தது. காலும் விரல்களும் கறுத்தன. கறுத்ததை உடனே வெட்ட மாட்டார்களாம். எதுவரைக்கும் செத்தது என்று உடம்பே ஒரு கோடு போட்டுக் காட்டும்வரை காத்திருப்பார்களாம். ஏழு வாரம் லலிதாம்பாள் அந்தக் கோட்டுக்காகக் காத்திருந்தாள். இடதுகால் விரல்கள் ஐந்தும் வலதுகையில் இரண்டும் போயின.

மார்ச் மாதம் வீடு திரும்பியதும் கேசவ் வீடியோவில் வந்தான். பார்த்த மாத்திரத்தில் ஸ்நேகாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எஞ்சினியரிங் படிச்சவன்தானேடா நீ? அந்தக் குளிர்ல ஈரத்தோட எதுக்கு அத்தனை நேரம் நின்ன? புத்தி வேண்டாமா?"

"கதவு பூட்டிண்டுடுத்து. அவ்வளவுதான்" என்றான் கேசவ். டாக்டரிடமும் பினுவிடமும் அவன் சொன்னது இதே ஒரு வரிதான்.

"அவனைத் திட்டாதே" என்றாள் லலிதாம்பாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ரெண்டாம் நிமிஷமே உள்ள வரட்டுமான்னு கேட்டான். கதவுல இருந்த செருப்பை எடுக்கச் சொன்னதும் நான்தான். நிறுத்தினதும் நான்தான். இப்படித்தான் கை காட்டினேன்."

ஸ்நேகாவுக்குப் புரிய வைக்க வேண்டும் என்று உள்ளங்கையைத் தூக்கினாள்.

திரையில் கேசவ் அந்தக் கையைப் பார்த்தான். பேச வந்தவன் அப்படியே அசையாமல் நின்றுபோனான். கட்டுப் போட்ட கை மெல்ல மேலேறிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டது.

"கையை இறக்கும்மா" என்றான். "இறக்கு."