திட்டறதுக்கா, லிஃப்டுக்கா?

இருபத்திரண்டாவது தடவையாக அந்த எண்ணை அழுத்தினாள் நிருபர். பிஸி.

லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்று பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. மணி ஐந்து பன்னிரண்டு. ஆறு மணிக்கு நாளைய பேப்பரின் முதல் பக்கம் மூடிவிடும். அதற்கப்புறம் வானமே இடிந்து விழுந்தாலும் மறுநாள்தான். மூன்றாம் மாடியில் ஆசிரியர் காத்திருந்தார். அசல் தாள்களைக் கண்ணால் பார்க்காமல் பக்கத்தை அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருந்தார். நாற்பத்தொரு தாள்களும் அவள் தோள்பையில் இருந்தன. பையும் அவளும் அந்தரத்தில் இருந்தார்கள்.

விஷயம் இதுதான். பிரேக் பிடிக்காத பள்ளி வேன்களுக்கு, வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தகுதிச் சான்று கொடுத்திருக்கிறார்கள். மூன்று பாகத் தொடர். இரண்டு வந்தாயிற்று. மூன்றாவதில்தான் யார் யார் என்பது வருகிறது. நாளைக் காலை பதினோரு மணிக்கு அதே வேன் கம்பெனிக்கு இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது. மூன்றாம் பாகம் நாளைக் காலை வந்தால் செய்தி. நாளை மறுநாள் வந்தால் வெறும் காகிதம்.

முதல் பாகம் வந்த அன்றைக்கே இணையத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாள் அவள் நடத்தையைப் பற்றி எழுதினார்கள். இரண்டாம் நாள் அவள் தலையை யாரோ ஒருத்தியின் உடம்பில் ஒட்டி, கணவரின் ஆபீஸ் வரைக்கும் அனுப்பிவைத்தார்கள். ஒட்டியவனுக்கு வேலை சுத்தமில்லை. கழுத்து இரண்டு நிறத்தில் இருந்தது. மூன்றாம் நாள் அவள் மகளின் வகுப்பு, பிரிவு, டிபன் பையின் நிறம். நீலம் என்று சரியாகவே போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோதுதான் முதன்முதலாக எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள்.

அந்த ஆபீஸில் முன்பு மூன்று பெண் நிருபர்கள் இருந்தார்கள். இப்படி ஒரு வாரம் பட்ட பிறகு ஒருத்தி அழகுக் குறிப்பு எழுதப் போய்விட்டாள். எலுமிச்சைச் சாறு பற்றி எழுதியதற்காக இதுவரை யாரும் அவளை மிரட்டவில்லை. இன்னொருத்தி வேலையையே விட்டுவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். மிச்சம் இவள் ஒருத்தி.

நான்காம் நாளான இன்று காலை ஆறு பத்துக்கு, ‘இதுதான் அவ நம்பர், ஆளுக்கு ஒரு கால் போடுங்க’ என்று ஓர் எண்ணைப் பரப்பியிருந்தார்கள். பார்த்தாள். அது அவள் எண்ணே இல்லை. யாரோ ஒரு அப்பாவி மாட்டிக்கொண்டார் என்று அரை நிமிடம் வருத்தப்பட்டாள். அதற்கு மேல் வருத்தப்பட நேரமில்லை.

போன் கிணுகிணுத்தது. கணவரின் செய்தி. ‘பாப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டேன். கதவைப் பூட்டியாச்சு. நீ எழுது.’

மறுபடி லிஃப்ட் சுவரைப் பார்த்தாள். ‘அவசர உதவிக்கு’ என்று ஒரு ஸ்டிக்கர். அடியில் எண். இத்தனை நேரம் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்த எண்தான். இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாகப் பார்த்தாள். பிறகு காலையில் பரப்பிய எண்ணைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

பத்து இலக்கமும் ஒன்று.

அதாவது, அவளைத் திட்ட ஊரே வரிசையில் நிற்பதால் அவளுக்கு லைன் கிடைக்கவில்லை.

இருபத்து மூன்றாவது தடவை மணி அடித்தது.

“திட்டறதுக்கா, லிஃப்டுக்கா?” என்றது ஓர் ஆண் குரல். அதில் கோபமும் இல்லை, சலிப்பும் இல்லை.

“என்னது?”

“திட்டறதா இருந்தா சட்டுனு திட்டிட்டு வெச்சிடுங்க, லைன்ல ஆளுங்க நிக்கறாங்க. லிஃப்டுன்னா கட்டடம் பேரு, எத்தனாவது மாடி, உள்ள எத்தனை பேரு?”

“லிஃப்டுதான்ணே. பத்திரிகை ஆபீஸ். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. நான் ஒருத்திதான்.”

“நெஜமாவே லிஃப்டா?” குரலுக்கு உயிர் வந்தது. “காலைலேர்ந்து நீங்க மூணாவது ஆளும்மா. பத்து நிமிஷம். கதவை நோண்டாதீங்க.”

லிஃப்ட் மெக்கானிக் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தார். தலைக்கு மேலே கதவு ஒரு முழம் திறந்தது. நரைத்த மீசை ஒன்று எட்டிப் பார்த்தது.

“கையைக் குடுங்கம்மா.”

“முதல்ல பையைப் பிடிங்கண்ணே.”

“ஆளு முக்கியமா, பை முக்கியமா?”

“பை.”

அவர் மறுபேச்சில்லாமல் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்து அவளைத் தூக்கினார். முழங்கை சிராய்த்ததோடு சரி. கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு, அவர் இடுப்பில் செருகியிருந்த நீளமான ரெஜிஸ்டரை எடுத்தார்.

“எந்தக் கால் வந்தாலும் எழுதணும், கம்பெனி ரூல். நேரம், நம்பர், புகார், நடவடிக்கை. ஒண்ணு விட்டாலும் மெமோ குடுத்துடுவாங்க.”

அவள் எட்டிப் பார்த்தாள்.

‘காலை 9.12. ஆண். புகார்: முகத்தைச் சிதைப்பதாக. நடவடிக்கை: எந்த மாடி என்று கேட்டேன், வைத்துவிட்டார்.

9.13. ஆண். புகார்: வீடு புகுந்து தூக்குவதாக. நடவடிக்கை: எடை எவ்வளவு என்று கேட்டேன்.

9.15. ஆண். புகார்: கெட்ட வார்த்தை. பிறகு அவர் வீட்டு லிஃப்டில் வரும் சத்தம் பற்றிச் சந்தேகம் கேட்டார். நடவடிக்கை: எண்ணெய் விடச் சொன்னேன்.’

பக்கம் பக்கமாக இருந்தது. பொடிப் பொடியான, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

“அண்ணே, இது அத்தனையும் எனக்கு வந்த கால்.”

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த நிருபரம்மா நீங்கதானா? உங்களைப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கேன்மா. இருநூத்தி முப்பது பேரு சொன்னாங்க.”

அவள் நான்கு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“என் நம்பர் எப்படிம்மா உங்க நம்பராச்சு?”

லிஃப்டுக்கு எதிர்ச் சுவரிலேயே பதில் ஒட்டியிருந்தது. ஆபீஸ் தொலைபேசிப் பட்டியல். பதினோராவது வரி: மூத்த நிருபர். பன்னிரண்டாவது வரி: லிஃப்ட் பழுது. இரண்டு வரியும் ஒட்டி ஒட்டி, எறும்பு சைஸ் எழுத்தில்.

அவள் விரலை வைத்துப் பார்த்தாள். “இதைப் பார்த்து யாரோ என் பேருக்கு உங்க நம்பரைப் போன்ல ஏத்தியிருக்காங்க. ஒரு வரி தள்ளி.”

“அப்ப இந்த ஆபீஸ் ஆளு.”

“ஆமாண்ணே.” அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. வெளியாட்கள் திட்டுவது வேறு. “இதுக்கு முன்னாடி என்னைக் கேட்டு யாராவது பேசியிருக்காங்களா?”

“யாரும் பேசினதில்லை. ரோஜா சார் மட்டும் மெசேஜ் போடுவார்.”

“யாரு?”

“பேரு தெரியாது. நானா வெச்ச பேரு. தெனம் காலைல ஆறு மணிக்கு ஒரு ரோஜாப்பூ படம் அனுப்புவார். கீழ, ‘உண்மையை எழுது’, ‘தலை குனியாதே’ இப்படி ஏதாவது இருக்கும். ஒன்றரை வருஷமா. தலை குனியாம நான் எப்படி மோட்டார் பாக்கறதுன்னு யோசிப்பேன். ஆனா பெரிய மனுஷன் மாதிரி தெரியுது, பதில் போடலைன்னா மரியாதையா இருக்காதுன்னு ஒரு கும்பிடு போட்டுடுவேன்.”

“யாருன்னு கேக்கவே இல்லையா?”

“நம்மளையும் மதிச்சு ஒருத்தர் பூ அனுப்பறார். அதைப் போய்க் கேட்டுக் கெடுத்துக்குவாங்களா?”

போனைக் காட்டினார். பூந்தோட்டமே இருந்தது. அவள் அனுப்பியவரின் எண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இன்னிக்குக் கும்பிடு போட்டாச்சா?”

“எங்கம்மா நேரம்?”

“இப்பப் போடாதீங்க. உங்களுக்கு ரெஜிஸ்டர்ல கையெழுத்து வேணும்தானே?”

“ஆமா. பொறுப்புல இருக்கறவங்க போடணும்.”

“அப்ப என்கூட வாங்க. நான் தலையசைச்சதும் போடுங்க.”

ஆசிரியரின் அறையில் இருவர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஆசிரியர். எதிரில் விளம்பர மேலாளர். நடுவில் கண்ணாடி மேஜைமேல் இருவரின் போன்களும் குப்புறக் கிடந்தன.

ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரையும் போனில் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை. இன்டர்காமில் ‘வா’ என்பார், அவ்வளவுதான். பெண் நிருபர் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை அமைத்து, அதற்கு அவரே தலைவராகவும் இருந்தார். புகார் கொடுப்பவர் மூன்று பிரதி கொடுக்க வேண்டும். இவளை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் ‘நம்ம சிங்கக்குட்டி’ என்பார். முதல் இரண்டு பாகத்தையும் முதல் பக்கத்தில் போட்டவர் அவர்தான்.

விளம்பர மேலாளர் நேர் எதிர். தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்.

“வணக்கம் சார்.”

“இன்னிக்கு என்னம்மா, வணக்கம் இவ்வளவு லேட்டு?” என்று சிரித்தார் ஆசிரியர். பின்னால் நின்றவரைப் பார்த்து, “இவர் யாரு?” என்றார்.

“லிஃப்ட் சார். உங்க கையெழுத்து வேணுமாம்.”

“வெயிட் பண்ணச் சொல்லு.”

தாள்களை வாங்கினார். நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “பிரமாதம்மா. ஒரு ஓட்டை இல்லை.” பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து வேறொரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

அச்சடித்த கடிதம். ‘என் பாதுகாப்பைக் கருதி, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மூன்றாம் பாகத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’ தேதிகூடப் போட்டிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

“நான் நிறுத்தச் சொல்லலைம்மா,” என்றார் ஆசிரியர். “நான் நிறுத்தினேன்னு யாரும் சொல்லவும் கூடாது. உனக்கு வேணாம்னா வேணாம், அவ்வளவுதான். ஒரு மாசம் லீவு எடு. குழந்தையைப் பாரு.”

“நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன்,” என்றார் விளம்பர மேலாளர். “இந்தத் தொடர் வேணாம்னு முதல் நாளே சொன்னவன் நான்தான். மூஞ்சிக்கு நேராவே சொல்றேன். கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ.”

மணி ஐந்து நாற்பத்து நான்கு. கடிதத்தின் பக்கத்தில் பேனா தயாராக இருந்தது. நீல டிபன் பை ஒரு கணம் அவள் கண்முன் வந்து போனது. கையெழுத்துப் போட்டால் இன்று ராத்திரியே எல்லாம் அடங்கிவிடும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

“பாவம், காலைலேர்ந்து உன் போன் ஓயாம அடிச்சிருக்கும்,” என்றார் ஆசிரியர். “ஒரு பொண்ணு எவ்வளவுதான் தாங்கும்?”

“ரெண்டே தடவைதான் அடிச்சுது சார். ஒண்ணு எங்க வீட்டுக்காரர். இன்னொண்ணு, லோன் வேணுமான்னு ஒரு பேங்க்.”

விளம்பர மேலாளர் நிமிர்ந்தார். “அப்ப ஊரெல்லாம் சுத்துதே, அந்த நம்பர்?”

“அது இவரோடது.”

“லிஃப்ட்,” என்றார் மெக்கானிக், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதுபோல.

நிருபர் கடிதத்தை ஆசிரியர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“என் சரியான நம்பர் இந்த ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கு சார்,” என்றாள் நிருபர். “சுவத்துல பெரிய லிஸ்ட்டே ஒட்டியிருக்கு. அதைச் சரியாப் பார்த்தவங்க குடுத்திருந்தா என் போன் அடிச்சிருக்கும். என் பேருல இவர் நம்பரை வெச்சிருக்கறது ஒரே ஒரு ஆளுதான். அந்த ஆளுதான் குடுத்திருக்கார்.”

“யாரைச் சொல்றே?” விளம்பர மேலாளரின் நெற்றி ஏசியிலும் வேர்த்தது. “இந்தா பாரு, எனக்குப் பிடிக்கலைன்னு சொன்னேன். அதுக்காக...”

“நான் யாரையும் சொல்லலை சார். போனையே கேட்டுடலாம்.”

தலையசைத்தாள். மெக்கானிக் கிரீஸ் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.

கண்ணாடி மேஜை ‘டிங்’ என்றது.

இரண்டு போனில் எது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. யாரும் கையை நீட்டவில்லை. நிருபர்தான் எட்டி, ஒன்றை ஒற்றை விரலால் திருப்பிவைத்தாள். மூன்று பேரும் திரையைப் படித்தார்கள். மெக்கானிக் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தார்.

ஒரு நிமிடம் கழித்து ஆசிரியர் இன்டர்காமை அழுத்தினார்.

“மூணாம் பாகம் போகட்டும். முதல் பக்கம்.”

“பேரு?” என்று கேட்டது இன்டர்காம். “பாதுகாப்புக்காக எடுத்துடலாம்னு சொன்னீங்களே?”

ஆசிரியர் நிருபரைப் பார்த்தார். அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பேரோட,” என்றார்.

“சார், அந்தக் கையெழுத்து,” என்று ரெஜிஸ்டரை நீட்டினார் மெக்கானிக். கடைசி வரியை அப்போதுதான் எழுதியிருந்தார். ‘மாலை 5.51. ரோஜா சார். புகார்: இல்லை. நடவடிக்கை: கும்பிடு போட்டேன்.’ ஆசிரியர் அதன் எதிரே கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு தடவை வழுக்கியது.

விளம்பர மேலாளர் மெதுவாகத் தன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளினார்.

மேஜையில் மிச்சமிருந்த போனின் திரை இன்னும் அணையவில்லை. மேலே ‘சிங்கக்குட்டி’ என்று பெயர். அதற்கடியில், அன்று காலை ஆறு மணிக்கு அனுப்பிய சிவப்பு ரோஜா. ரோஜாவுக்குக் கீழே, ‘அஞ்சாதே. உனக்கு நான் இருக்கிறேன்.’ அதற்கும் கீழே, இப்போதுதான் வந்த ஒரு கும்பிடு.