கவர்னர் அடங்கிய மத்தியானம்

வேங்கிக்கால் ஏரிக்கரையை ஒட்டிய களத்தில் அருணகிரியின் பழைய சின்ன டிராக்டர் நின்றிருந்தது. இது நடந்த எழுபத்தெட்டாம் வருஷத்திலேயே அது கிழட்டு வண்டிதான். அதன் பக்கவாட்டில் இருக்கும் கப்பிச் சக்கரத்தில் பெல்ட் மாட்டி வேர்க்கடலை உடைக்கும் மிஷினை ஓட்டுவான். கடலையை அள்ளிப் போடுவது அவன் மனைவி கஸ்தூரி.

முந்தின வாரம் வேலை நடக்கும்போதே பெல்ட் கழன்றுகொண்டது. சுமை போய்விட்டால் என்ஜினின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதற்குத்தான் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. அன்று அது பிடிக்கவில்லை. என்ஜின் அலறியது, டிராக்டரே குதித்தது. பெல்ட் கஸ்தூரியின் தோளை உரசிக்கொண்டு போய் வேலியில் விழுந்தது. அருணகிரி பாய்ந்து எண்ணெய்க் குழாயை மூடியபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் களத்துப் பக்கமே வரவில்லை.

கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அருணகிரி டவுனுக்குச் சைக்கிளில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தான். அந்த மத்தியானம் அதை மாட்டி, என்ஜினைக் கிளப்பி, ஸ்பிரிங்கை இறுக்கும் நட்டை முடுக்கினான். சத்தம் இன்னும் ஏறியது. மறுபடி முடுக்கினான்.

"ஏங்க, நிறுத்துங்க!" கிணற்றடியிலிருந்து கஸ்தூரி கத்தினாள். "முடுக்க முடுக்க ஜாஸ்தியாத்தான் கத்துது!"

அவன் என்ஜினை நிறுத்தினான். "அப்ப என்னா பண்ணச் சொல்ற?"

"எனக்கு என்னா தெரியும்? தளர்த்தித்தான் பாருங்களேன்."

நட்டைத் தளர்த்தினான். எண்ணெயைக் கூட்டிக் குறைக்கக் கவர்னரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் கம்பியைச் சும்மா கையால் ஆட்டிப் பார்த்தான். முன்னால் போனது, திரும்பி வரவில்லை. குனிந்து பார்த்தான். கம்பி லேசாக வளைந்து தகட்டு விளிம்பில் சிக்கிக்கொண்டிருந்தது.

"அடச்சீ, இதுதானா!"

கம்பியைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினான். இப்போது வழுக்கிக்கொண்டு போய் வந்தது. என்ஜினைக் கிளப்பினான்.

"இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க," என்றாள் கஸ்தூரி. நட்டைத் திருகினான். "ம்... போதும், போதும்."

பெல்ட்டை மாட்டி அவனே கடலையைப் போட்டான். கூடை காலியானதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மிஷின் வெறுமனே சுற்றியது. என்ஜின் சத்தம் ஒரு துளி ஏறியது. உடனே இறங்கிச் சீராக ஓடியது.

"இன்னொரு வாட்டி," என்று குரல் கேட்டது. அவள் வைக்கோல் போர் வரைக்கும் வந்திருந்தாள்.

இன்னொரு கூடை போட்டான். அப்போதும் அப்படியே அடங்கியது. கஸ்தூரி நேராக வந்து அவன் கையிலிருந்து கூடையை வாங்கினாள்.

"தள்ளுங்க. பாதியக் கீழதான் கொட்டுறீங்க."

அருணகிரி போய் வரப்பில் உட்கார்ந்தான். பெல்ட் இன்னும் ஒரு சாண் மேலே போயிருந்தால் என்ற நினைப்பு ஒரு வாரமாக அவனைச் சாப்பிடவிடவில்லை. இப்போது பசித்தது.

அடுத்த கொல்லை தங்கம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"என்னாடி கஸ்தூரி, இவ்ளோ நேரம் கத்தின மிஷின் சத்தத்தையே திடீர்னு காணோம்? யாருக்கு என்னா ஆச்சோன்னு ஓடியாந்தேன்!"

"ஒண்ணும் ஆகலக்கா. ஓடிக்கிட்டுத்தான் இருக்குது, பாருங்க," என்றாள் கஸ்தூரி. சிரிப்பை அடக்க முடியாமல் கூடையைக் கீழே வைத்தாள்.