எண்ணெய் இல்லாத கட்லெட்

என் வீட்டுக்காரர் ரெங்கராஜைத் திருத்துவதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருக்கிறது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகிறது. கெட்ட கொழுப்பு இறங்காவிட்டால் இன்னொரு அடைப்பு வரும் என்று புதுக்கோட்டை டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகிய நாக்கு, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்த பன்றிக்கறி கட்லெட்டைத்தான் கேட்கிறது.

ஒழியட்டும் என்று நானே இறங்கினேன். கொழுப்பில்லாத முதுகுக்கறி வாங்கி, ஓரத்தில் இருந்த வெள்ளைக் கொழுப்பையும் வழித்தெறிந்து, குழவியால் தட்டி மெலிதாக்கினேன். முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். ரஸ்க் தூளில் இனிப்பு இருக்கும், அவருக்குச் சுகரும் உண்டே! அதனால் கறம்பக்குடி பேக்கரியில் சால்ட் பிஸ்கட் வாங்கித் தூளாக்கிப் புரட்டினேன். தோசைக்கல்லில் ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய். வாரத்தில் நாலு நாள் செய்து போட்டேன்.

"அந்த ருசி அப்படியே இருக்கு தேவி" என்று சப்புக்கொட்டினார்.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. கொழுப்பு ஏறியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. "நான் இங்கிட்டு ஒரு ஸ்பூன் எண்ணெயில மல்லுக்கட்டுறேன், நீங்க அங்கிட்டுப் போயி புரோட்டா தின்னுட்டு வாரீங்களா?"

"நம்ம புள்ள மேல சத்தியமாத் தின்னலம்மா."

"புள்ளய வேற இழுக்குறீங்களா?"

நர்ஸ் சிரித்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாளிலிருந்து சட்டைப்பையைத் துழாவினேன். அவர் வேலை பார்க்கும் மோட்டார் கடைக்குப் போன் போட்டு வேவு பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

நேற்று பிஸ்கட் வாங்கப் போனேன். பேக்கரியின் பின்கட்டில் ஒருவர் வனஸ்பதி டின்னை அப்படியே மைதாவில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குங்க?"

"சால்ட் பிஸ்கட்டுக்குத்தாங்க்கா. ரெண்டு கிலோ மாவுக்கு ஒரு கிலோ போகும். இல்லன்னா வாயில கரையாது."

கறியில் இருந்த கொழுப்பை வழித்தெறிந்துவிட்டு, அதன்மேல் வேறு கொழுப்பை நானே பூசி மூன்று மாதம் ஊட்டியிருக்கிறேன். கூடவே அந்த மனுஷனை ஊர் பார்க்கத் திட்டியும் தீர்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்தேன். அவர் கண்மாய்க்கரையில் நடந்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியில் நான் கத்தியதிலிருந்து இரண்டு வேளையும் நடக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

"ஏங்க..." என்றேன்.

அவர் பதறிப்போய் என் அருகில் வந்தார்.

"புரோட்டாக் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பாக்கல தேவி. வேணும்னா வாயை மோந்து பாரு."