ஒன்றுவிட்ட அக்கா

எங்கள் தெருவில் கூட்டம் என்றால் அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு வரவேண்டும். நவம்பர் வரை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வந்துகொண்டிருந்தது. இந்த முறை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தடியில் போட்டு உட்கார்ந்தேன். உட்காரும்போதே எரிச்சல்.

அந்த மார்ச் மாதம் கியூபா முழுக்க இதே பேச்சுதான். புதுக் குடும்பச் சட்டம் வரப்போகிறதாம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா கூடாதா? தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு சனங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போவார்கள், அப்புறம் நாடு முழுக்க ஓட்டு. ரொட்டிக்கு நின்றால் சட்டம், பேருந்தில் ஏறினால் சட்டம். கோழி வந்ததா என்று ரேஷன் கடையில் கேட்டால், "கோழி வரலை, கல்யாணம்தான் வந்திருக்கு" என்று அங்கேயும் ஒரு கிண்டல்.

நான் சொராய்தா. சியென்ஃபுவேகோஸ் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லியே ஓய்வு பெற்றவள். எதையும் யார் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிடுவாள் என்று தெருவில் எனக்குப் பெயர். வெத்துப் பெயர்! ஒரே ஒரு விஷயத்தை இருபத்தாறு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். ஒனேலியா என் மனைவி.

அவள் பெட்டியோடு வந்திறங்கிய அன்று, யார் இது என்று தெருக்குழுவிலிருந்து கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு, "ஒண்ணுவிட்ட அக்கா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கடைக்காரன்கூட, "அக்கா வரலையா?" என்றுதான் கேட்பான்.

அவள் போன நவம்பரில் செத்துப்போனாள். இங்கே சாவென்றால் இரவு முழுக்க சவ மண்டபத்தில் வைப்பார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நாலு ஆடும் நாற்காலிகள் இருக்கும். சொந்த இரத்தம்தான் அதில் உட்காரும். அவளுடைய தம்பி ரிகோபெர்தோ சாகுவாவிலிருந்து வந்து உட்கார்ந்தான். அவளுக்கு மூட்டு வலி என்பதுகூட அவனுக்குத் தெரியாது. தெருவே வரிசையாகப் போய் அவனைக் கட்டிப்பிடித்துத் துக்கம் விசாரித்தது. எனக்குச் சுவரோரம் மரப்பெஞ்சு. "பாவம் சொராய்தா, இனிமே உனக்குப் பேச்சுத்துணைக்கு யாரு?" என்று சிலர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சவ வண்டிக்குப் பின்னால் போன காரில் அவன். அக்கம்பக்கத்தார் ஏறிய பேருந்தில் நான், நின்றுகொண்டே.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. கட்டினவளைப் பறிகொடுத்தவளிடம் கேட்பதுபோல யாராவது என்னிடம் துக்கம் கேட்க வேண்டும். ஒருத்தர் கேட்டால் போதும். அதற்கு நான் முதலில் வாயைத் திறந்தாக வேண்டுமே? கூட்டத்துக்குப் போனதே அதற்குத்தான்.

தெருக்குழுத் தலைவி இதால்மிஸ் நடுவில் நின்றாள். நகராட்சியிலிருந்து வந்த வக்கீல் பெண் ஒருத்தி வாசித்தாள், சின்னப் பெண், குரல் மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. கல்யாணப் பிரிவு வந்ததும் எலியேசர் எழுந்தார். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர், ஞாயிறு தவறாமல் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்.

"வேதத்துல ஆணும் பெண்ணும்னுதான் இருக்கு. எனக்கு யார் மேலயும் பகை கிடையாது. ஆனா என் ஓட்டு வேண்டாம்னுதான்."

"உன் வீட்டுக்காரி உன்னைத் தினம் வறுத்தெடுக்கிறதைப் பார்த்தா யாருக்குமே கல்யாணம் வேண்டாம்னுதான் தோணுது எலியேசர்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். தெருவே சிரித்தது. எலியேசரின் மனைவிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

இதால்மிஸ் கையைத் தட்டினாள். "சரி சரி, போதும். தோழர்களே, நமக்குள்ள எதுக்குச் சண்டை? நம்ம தெருவுல அப்படிப்பட்டவங்க யாருமே இல்ல. எங்கேயோ இருக்கிறவங்க நல்லா இருந்துட்டுப் போகட்டும்னு நாம கை தூக்குவோம். அடுத்த பிரிவு."

எனக்கு உச்சி மண்டை வரை சூடேறியது.

"இருக்கேன்" என்றேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். என் தொண்டைக்கு எழ வேண்டிய அவசியமில்லை. "நான் இருக்கேன். ஒனேலியா எனக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. பொண்டாட்டி. இருபத்தாறு வருஷம் ஒரே படுக்கை. அவ செத்து நாலு மாசம் ஆச்சு."

சொல்லிவிட்டேன். யாராவது காறித் துப்புவார்கள், இல்லாவிட்டால் யாராவது அழுவார்கள் என்று பார்த்தேன்.

இதால்மிஸின் முகம் மலர்ந்தது. "அடியே சொராய்தா! இது எங்களுக்குத் தெரியாதா? தெருவுக்கே தெரியுமே!"

"ஒனேலியா வந்த மொத வருஷமே தெரியும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் யாரும் கேட்டுக்கலை" என்றது இன்னொரு குரல். பிறகு கைத்தட்டல். தங்களையே மெச்சிக்கொண்டு தட்டினார்கள், இத்தனை வருடம் என்ன நாசூக்காக நடந்துகொண்டோம் என்று.

"தெரியுமா?" என்றேன். "அப்போ சவ மண்டபத்துல? தெரிஞ்சுக்கிட்டேதான் ரிகோபெர்தோவைக் கட்டிப்பிடிச்சீங்களா? தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை மரப்பெஞ்சுல உக்கார விட்டீங்களா?"

கைத்தட்டல் அடங்கிப்போனது. இதால்மிஸ் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலக் கழுத்தைத் தடவினாள். "அது வந்து... சாவுல முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா? தம்பின்னா தம்பிதானே?"

வக்கீல் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். "அம்மா, நீங்க சொன்னதை ஆதரவுன்னு எழுதிக்கட்டுங்களா, இல்ல திருத்தம்னு போடட்டுங்களா?"

"எது வேணாலும் எழுதிக்கோ, தாயே!"

கை தூக்கினார்கள், எலியேசரையும் இன்னும் மூன்று பேரையும் தவிர மற்ற எல்லோரும். தொலைக்காட்சித் தொடருக்கு நேரமாகிவிட்டது. நாற்காலிகள் கிளம்பின. போகிற போக்கில் என் முதுகைத் தட்டினார்கள். "பலே சொராய்தா!" "சிங்கம்டி நீ!" ஒருத்தி கன்னத்தில் முத்தமே கொடுத்தாள். தெரியாமல் கேட்காதவர்களை மன்னித்துவிடலாம் என்று நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்தவர்களும் கேட்காமல்தான் போனார்கள். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு தனிமையை நான் உணர்ந்ததில்லை, அவள் செத்த அன்றுகூட.

தெரு காலியானது. எலியேசர் மட்டும் நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"நான் வேண்டாம்னுதான் போடுவேன், சொராய்தா."

"போடுங்க. உங்க கையை யாரு பிடிச்சா?"

"யாரும் பிடிக்கலை." நாற்காலியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு கையை நீட்டி என் கையைப் பற்றிக்கொண்டார். "நான் அன்னைக்கு அந்தத் தம்பி கையைத்தான் பிடிச்சேன். உங்க கையைப் பிடிச்சிருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "எப்படிப் போனாங்க?" என்றார்.

எந்தச் சாவு வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி இது. ரிகோபெர்தோவிடம் அன்று நூறு பேர் கேட்டார்கள். பக்கத்திலேயே இல்லாத அவன், நூறு பேருக்கும், "தூக்கத்துலயே போயிட்டா" என்று சொன்னான்.

"தூக்கத்துல இல்ல" என்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை. "முழிச்சிட்டுதான் இருந்தா. காலையில நெஞ்சு அடைக்குதுன்னா. சன்னலைத் திறந்து விட்டேன். பக்கத்து வீட்டுச் சேவலைத் திட்டினா, அது வழக்கம். அப்புறம் கொஞ்சம் தண்ணி குடுன்னா, பானைத் தண்ணி வேணும்னா. நான் எழுந்து..."

"எலியேசர்! சோறு ஆறுது!" அவர் மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

அவர் அசையவில்லை. "சொல்லுங்க" என்றார். அவள் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரலில் காரம் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, "கர்த்தர் உங்களைத் தேத்தட்டும்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சோறு ஆறத்தான் செய்யும்.

தண்ணீர் எடுக்க நான் சமையலறைக்குப் போனது வரைதான் அவரிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது என்ன பார்த்தேன் என்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.